யார் பெயரில் ஒப்பந்தம்

ஐஸ்கிரீம் விற்க இவ்வளவு காகிதம் வேண்டும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் ஒரு கம்பெனியின் ஐஸ்கிரீம் கடையை உரிமம் எடுத்து ஒன்பது வருடம் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. தென்காசியில் அதைவிடப் பெரிய கடை கிடைத்ததும், இதைப் பக்கத்து ஊரான திருவேங்கடத்துப் பெண் ஒருத்திக்குக் கைமாற்ற முடிவு செய்தேன். கணவரை இழந்தவள், ஜவுளிக்கடையில் பத்து வருடம் நின்றே வேலை பார்த்தவள். நான் சரி என்று சொன்ன மறுநாளே அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். இது நடக்காமல் போனால் அவள் கதி என்ன என்ற கவலை எனக்குத்தான்.

கம்பெனி கேட்டது இரண்டு. கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஒன்று. புதியவள் பெயரிலேயே ஐந்து வருட வாடகை ஒப்பந்தம், அதுவும் பதிவு செய்து. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் உரிமம் அவளுக்கு இல்லை. பழைய ஒப்பந்தத்தைப் பார்த்த கம்பெனி அதிகாரி, இதில் உங்கள் பெயரே இல்லையே என்றார். உண்மைதான். அது என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. எங்கள் பக்கம் வாடகைக் கடை என்றால் ஆம்பிளை கையெழுத்துதான். அவர் அந்தக் கடைக்கு வந்ததெல்லாம் ஐஸ்கிரீம் தின்ன மட்டும்தான்.

கட்டடக்காரர் ராயகிரியில் தோப்பும் வயலும் உள்ள அண்ணாச்சி. நல்ல மனிதர், பிடிவாதக்காரர். சம்மதக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் என்றதும், அவளுக்குத் தம்பி இருக்கிறானாமே, அவன் பெயரில் எழுதிவிடலாம் என்றார். அவளும் தலையாட்டினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கம்பெனி ஏற்காது என்பது இருக்கட்டும், நாளைக்குத் தம்பி முறைத்துக்கொண்டால் இவள் நடுத்தெருவில்தான் நிற்கவேண்டும்.

"அண்ணாச்சி, மழைக்குக் கடை ஒழுகுனப்போ ஒங்க வாசல்ல வந்து நின்னது யாரு? எங்க வீட்டுக்காரரா?" என்றேன்.

பார்ப்போம் என்றார். எங்கள் ஊரில் பார்ப்போம் என்றால் முக்கால்வாசி இல்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். என்னிடம் பேசாமல் நேரே அவளிடம் போய், கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். பெட்டி மூடியைத் திறக்கமாட்டேன், மூன்று மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் போனால் ஜெனரேட்டருக்குப் பக்கத்துத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். அந்த ஜெனரேட்டர் யோசனையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பது வருடத்தில் எனக்கே அது தோன்றியதில்லை. அண்ணாச்சி ஒரு கப் வாங்கித் தின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். யார் பெயரில் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் எதற்கும் இருக்கட்டும் என்று தம்பியையும் கூட்டி வந்திருந்தாள். பத்திரம் எழுதுபவர் பழக்கதோஷத்தில் அவனிடமே கையை நீட்டி ஆதார் அட்டையைக் கேட்டார்.

அண்ணாச்சி தடுத்தார். "கடைய நடத்தப் போறது இந்தப் பிள்ளைதான வே. அது பேருலயே எழுதும்."

அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. எனக்குக் கிடைக்காத வார்த்தை அது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்த மனிதரின் வாயிலிருந்து அதை வரவழைத்தது நாங்கள் இரண்டு பேரும்தான். அந்தத் திமிர் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.