சபேலா கேட்ட மழை

அன்ஷோ என்ன வேலை பார்க்கிறான் என்பது ஸ்பெயினின் லா கொருன்யா ஊரில் அவன் உறவுக்காரர்கள் ஒருவருக்கும் விளங்கியதில்லை. திரையில் படம் வரையும்படி கம்ப்யூட்டரை ஏவுகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். அப்படித் திருத்துகிறவர்களில் அவனும் ஒருவன். மனைவி சபேலாவின் அண்ணன் கேட்டால், "டிவி ரிப்பேர் மாதிரி" என்று சொல்லித் தப்பித்துவிடுவான்.

சபேலா தபால்காரி. காலையெல்லாம் மழையில் நடந்துவிட்டு வந்து, ஈரக் கோட்டைத் தொங்கவிட்டு, தன் பழைய லேப்டாப்பில் ஒரு துறைமுக ஊர் விளையாட்டைத் திறப்பாள். அது நொண்டியடிக்கும். புதிது வாங்கலாம் என்றால், "இத ஓட வச்சுக் காட்டு. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?" என்பாள். அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டினான். ஒன்றன் பின்னால் மறைந்திருப்பதை வரையவே வேண்டாம் என்று ஒரு குறுக்குவழி பிடித்தான். அளந்தால் வேகம் இரண்டு மடங்கு! திருத்தங்களைச் சரிபார்க்கும் பின்லாந்துக்காரர் வேய்க்கோ, பாராட்டைக் கண்ணிலும் காட்டாத மனிதர், "நன்று" என்று எழுதினார். அன்ஷோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சகாக்கள் எல்லோரும் படிக்கும் இணையப் பக்கத்தில் தம்பட்டம் அடித்துவிட்டு, சபேலாவுக்கு மீன் அடைத்துச் சுட்ட எம்பனாடா வாங்கி வந்தான்.

விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. சபேலா எம்பனாடாவைக் கடித்தபடி துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றாள்.

"மழை எங்கப்பா?"

"என்ன மழை?"

"இந்த ஊர்ல எப்பவும் மழைதான். நனையாம மழையப் பாக்கலாம்னுதானே நான் இத விளையாடுறேன்."

அன்ஷோவின் முகம் செத்துவிட்டது. மெல்லிய மழைத்துளிகளையும் மறைந்தவை என்று நினைத்து அவன் குறுக்குவழி தள்ளிவிட்டிருந்தது. வேலையைச் செய்யாமல் விட்டால் வேகம் வரத்தானே செய்யும்? மாய்ந்து மாய்ந்து எண்ணைப் பார்த்தவன் படத்தைப் பார்க்கவில்லை. சோதனைப் படங்கள் எதிலும் மழை கிடையாது.

மறுநாள், தம்பட்டம் அடித்த அதே இடத்தில், தப்பு தன்னுடையது என்று எழுதினான். கூசத்தான் செய்தது. வேய்க்கோ திட்டவில்லை. தானும் கவனிக்கவில்லை என்றார். மழையைத் திரும்பக் கொண்டுவந்ததும் இரண்டு மடங்கு வேகம், ஒன்றேகால் மடங்காகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் நொண்டல் போய்விட்டது.

குறை கண்டவர் பெயரைத் திருத்தத்தின் அடியில் எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். அன்ஷோ எழுதிய பெயரைப் பார்த்து, இவர் எந்த நிறுவனம் என்று வேய்க்கோ கேட்டார். தபால்காரி என்று பதில் போனது.

சபேலா தன் பெயரை இரண்டு முறை படித்தாள். பிறகு விளையாட்டைத் திறந்து, துறைமுகத்தில் மழை கொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் கேட்டா இனிமே டிவி ரிப்பேர்னு சொல்லாத," என்றாள். "எம்பேரு இருக்கு இதுல."