ஐஸ் பெட்டியில் ஒட்டிய பூக்கள்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை. பைக்குக்கு நம்பர், லாரி கண்ணாடிக்குச் சாமி பெயர், புது வீட்டு ஜன்னலுக்குக் கொடியும் பூவும். கண்ணாடியில் ஒட்டுகிற எதுவும் என்னிடம் வரும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. துடைத்த கண்ணாடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படலம் படியும். இரண்டு முறை கழுவாமல் ஒட்டினால் ஒரே மாதத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதனால் நான் நிதானமாகத்தான் வேலை செய்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் புதுப் பெட்டி ஒன்று வாங்கினார். மேலேயும் பக்கங்களிலும் கண்ணாடி. வெறுமனே பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் அழகுபடுத்திக் கொடு என்றார். மேல் கண்ணாடியை விட்டுவிட்டேன். முகம் பார்க்க வேண்டுமே. பக்கக் கண்ணாடிகளில் அடியிலிருந்து விளிம்புவரை வெள்ளை ரோஜாக்களை நெருக்கமாக ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து, ஒரு குமிழி இல்லாமல் முடிக்க ஒரு பகல் ஆனது. அந்தப் பெட்டியைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன பங்குனியில், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் இறந்துபோனான். உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. தம்பி குவைத்தில் இருந்தான். அவன் வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்று ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். நான் ஒட்டிய அதே பெட்டி.

மறுநாள் மதியம் போனேன். அவனுடைய அம்மா பந்தலில் பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் உப்புக் கூடை சுமந்து தேய்ந்த முட்டி அவருக்கு. காலையில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மேலிருந்து மகன் முகத்தைக் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது முறை கால் நிற்கவே இல்லையாம். அதற்குப் பிறகு அவர் தூக்கச் சொல்லவில்லை. முந்தானையால் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குளிரில் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தது. ஈரம் போனால் முகம் தெரியும் என்று நினைத்திருக்கிறார். துடைக்கத் துடைக்க என் ரோஜாக்கள்தான் பளிச்சென்று தெரிந்தன.

"எம்புள்ள மொகம் தெரியலியே" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

வந்து நின்று, குனிந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் ஒட்டியிருக்கிறேன். சாவு வீட்டில் பெண்கள் தரையில்தான் உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியாததா?

பெட்டிக்காரருக்குப் போன் செய்து கேட்க நினைத்தேன். செய்யவில்லை. வண்டியிலிருந்து பிளேடை எடுத்துவந்து, அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமாட்டில் ஒரு மூலையைக் கிளப்பினேன். கடையாக இருந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டுவேன். பசை இளகி முழுசாக உரிந்துவரும். இங்கே கண்ணாடி சில்லென்றிருந்தது. பசை இறுகிப்போய், நகத்தளவு நகத்தளவாகக் கிழிந்துதான் வந்தது. இந்த நேரத்தில் என்ன வேலை இது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இறந்தவனின் பெரியப்பா வந்து என் தோளைத் தொட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய், பசையைத் துடைக்கத் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு முழ அகலம் சுத்தமாக முக்கால் மணி நேரம் பிடித்தது. முதலில் காது தெரிந்தது. பிறகு கன்னம், தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

இந்தப் பூவை ஒட்டியவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் எழுந்து போக முடியவில்லை.

"பூ நல்லாத்தாம்பா இருந்துச்சு" என்றார், மகனிடமிருந்து கண்ணை எடுக்காமல். "ஒக்காந்து பாக்கறவங்களும் இருக்கோமில்ல."

மறுநாள் காலை தம்பி வந்து சேரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

எல்லாம் முடிந்த மறுநாள், பெட்டிக்காரர் கோபமாகக் கடைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் அம்மா இறந்தபோது அக்காவும் இரண்டு நாள் கீழேதான் உட்கார்ந்திருந்தாள் என்றார். பெட்டியை இறக்கி வெயிலில் வைத்து, மிச்சத்தை இருவருமாக உரித்தோம். அடியில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு கொடி போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.