முப்பத்தெட்டுப் பக்க அட்டவணையும் திருநகர் அக்காவும்

இன்று மதியம் திருநகரில் ஒரு ஜெராக்ஸ் கடை. நாலு மணிக்குள் ஆய்வேட்டை நெறியாளரிடம் கொடுத்தாக வேண்டும்.

அதில் எழுமலை வட்டாரக் கிணறுகளின் அட்டவணை மட்டுமே முப்பத்தெட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரிசையை நானே அடித்து வைத்திருந்தேன். காலையில், விட்டுப்போன ஒரு கிணற்றைச் சேர்த்ததும் எல்லாம் சரிந்தது. தலைப்புகள் பக்கத்தின் நடுவில் நின்றன. சில கிணறுகள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

கடைக் கம்ப்யூட்டரில் என் கோப்பைத் திறந்த அக்கா கேட்டார்: "இம்புட்டுத் தலைப்பையும் நீங்களே அடிச்சீங்களா?"

"ஆமாக்கா. மூணு நாளாச்சு."

அவர் அவற்றை ஒவ்வொன்றாக அழித்தார்.

பிறகு முதல் வரிசையைத் தொட்டு ஒரு பட்டனை அழுத்தினார். எல்லாப் பக்கத்திலும் தலைப்பு தானாக வந்து உட்கார்ந்தது. 'வரிசை பக்கம் தாண்டி உடையலாம்' என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தார். பிளந்து கிடந்த கிணறுகள் ஒன்றுசேர்ந்தன.

"இனி எம்புட்டுக் கிணறு வேணாலும் சேருங்க. தலைப்பு அசையாது."

இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னேன். சிரிக்காமல் செய்து காட்டினார்.

நன்றியுரையில் அவர் பெயரைச் சேர்த்த பிறகுதான் பிரிண்ட் எடுத்தேன். மூன்றரைக்கே கொடுத்தாயிற்று.

ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பைக் கையாலேயே அடித்தவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா? நான் ஒருத்தி மட்டும் என்றால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.