செமாபோக்கில் பெய்த மழை

சுதந்திரம் வந்த சமயம் நான் மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் போவேன். சுற்றுவட்டாரத்தில் மழைமானி வைத்திருந்தவர்கள், தினம் எத்தனை அங்குலம் பெய்தது என்று எழுதி மாதக் கடைசியில் அட்டை அனுப்புவார்கள். அவற்றைச் சரிபார்த்து, கூட்டி, அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என் வேலை. நாற்காலியை விட்டு எழாமலே எந்த ஊரில் என்றைக்கு மழை என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஏகப் பெருமை.

ஒரு மாதம் செமாபோக் அட்டையில் ஒரு நாளுக்கு 4.60 என்று இருந்தது. அன்றைக்குப் புக்கிட் ரம்பாயில் அரை அங்குலம். டவுனில் அதுவும் இல்லை. புள்ளி இடம் மாறிவிட்டது என்று நானே முடிவு செய்து, சிவப்பு மையால் 0.46 ஆக்கினேன். அறிக்கை மேலிடத்துக்குப் போனது. நகல் வழக்கம்போல் அளவெடுப்பவர்களுக்கும் போனது.

அடுத்த வாரமே செமாபோக்கில் மழை அளப்பவர் வந்து நின்றார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர்.

“தங்கச்சி, என் அளவ மாத்துனது யாரு?”

“நான்தாண்ணே. புள்ளி தப்பா விழுந்திருச்சுன்னு நெனச்சேன்.”

அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. மடித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை மெதுவாக விரித்தார். அளக்கும் கண்ணாடிக் குவளை அரை அங்குலம்தான் கொள்ளும். நிரப்பி ஊற்றிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டிருந்தார். ஒன்பது கோடுகள். பக்கத்தில் 0.10.

“லோங்காங்ல சாக்கடத் தண்ணி நெறஞ்சு வகுப்புக்குள்ள வந்துருச்சும்மா. சந்தேகம்னா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

ஞாயிற்றுக்கிழமை செமாபோக் போனேன். வகுப்பறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கறை. அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு முகம் சுட்டது.

மறுநாள் பெரிய கிராணியிடம் சொன்னேன்.

“போன ரிப்போர்ட்ட யாரு திரும்பப் பாக்கப் போறா? விடும்மா,” என்றார்.

நான் விடவில்லை. தவறு என்னுடையது என்று திருத்தக் கடிதம் தட்டச்சு செய்து அவர் மேசையில் வைத்தேன். கடிதத்தாளில் இன்னும் பழைய அரசாங்கத்தின் பெயர்தான். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிய பெயரை மேலே தட்டச்சு செய்திருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டார். கடிதம் மேலிடத்துக்கும் செமாபோக்குக்கும் போனது.

அதற்குப் பிறகு, கடிதம் எழுதிக் கேட்காமல் யாருடைய எண்ணிலும் நான் கை வைத்ததில்லை. செமாபோக் அட்டைகளின் பின்பக்கமும் நிரம்பத் தொடங்கியது. ‘காலையில் காற்று. வாத்தியார் குடை பறந்தது.’ ‘தூறல்தான், ஆனால் நாள் பூரா.’ அறிக்கையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

கல்யாணமாகிக் கோலாலம்பூர் போனபோது அந்த நோட்டை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டேன். எடுத்து வந்திருக்கலாம்.