இரண்டு விளக்குகளுக்கு நடுவில் ஒரு மேசை

"இதைப் பாரு. ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

கலரக்கா இப்படிக் கேட்டபோது நான் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். திருடிக்கொண்டு வந்ததைப் போல ஒரு துண்டுக்குள் சுற்றி, கூம்பில் சுற்றிய தையல் நூல், இரண்டு கோன்களை எடுத்து வந்திருந்தார். இரண்டும் பழுப்பு நிறம்.

"ஒண்ணுதானே அக்கா."

"அவசரப்படாத. நல்லா பாத்துச் சொல்லு."

"ஒண்ணுதான்."

"சரி, எழுந்து வா."

கை கழுவக்கூட விடவில்லை. என்னைக் கிடங்குக்குள் கூட்டிப்போய், புது விளக்குகள் மாட்டி முடித்திருந்த பாதியில் நிறுத்தி, கோன்களை மறுபடி நீட்டினார்.

"இப்போ?"

"இப்போ இது கொஞ்சம் செவப்பா தெரியுது."

"எது?"

"உங்க இடது கையில இருக்கிறது."

பெருமூச்சு விட்டார். "அப்போ உனக்கும் தெரியுது."

"என்ன தெரியுது?"

"எனக்குத் தெரியறது." சொல்லிவிட்டு உடனே முகம் மாறினார். "இல்ல, நான் இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்தேனேன்னு பாவம் பாத்துச் சொல்றியா?"

"இல்லக்கா. நிஜமா."

"நீ கண்ணு டெஸ்ட் பண்ணியிருக்கியா?"

"இல்ல."

"அப்போ உன் சாட்சி செல்லாது. போய்ச் சாப்பிடு."

துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து, டப்பாவில் இருந்த குழம்பு என்ன பழுப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிறத்தைப் பற்றி அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எங்கள் கிடங்கில் தையல் நூல் வந்து இறங்கும், பிரியும், போகும். சாயப்பட்டறைகளிலிருந்து வரும் புதுச் சரக்கையும், தையல் ஆலைகளிலிருந்து திரும்பி வரும் உதிரி கோன்களையும் நிறம் பார்த்து, பன்னிரண்டு பன்னிரண்டாகச் சேர்த்துப் பெட்டியில் வைப்பது அவர் வேலை. ஒரு பெட்டிக்குள் இருக்கும் பன்னிரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சட்டையில் இரண்டு வகைத் தையல் தெரியும். அவர் தேறியது என்று விட்ட பெட்டியில் 'நான்கு' என்று ஒரு முத்திரை விழும். ஒன்று, இரண்டு, மூன்று எனும் முத்திரைக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டன.

பேக்கிங் பிரிவில்தான் முதலில் சேர்ந்தார். ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இதுல ஒண்ணு தப்பு" என்று சொல்லியிருக்கிறார். சிரித்தவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். தப்புதான். மறுவாரமே மேசை அவருக்கு வந்தது. கோன்களோடு என்னிடம் வந்தபோது அந்த மேசையில் அவருக்குப் பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

அவர் நூலைப் பார்க்கும் விதம் தனி. இரண்டு கோன்களையும் தோளோடு தோள் சேர்த்துப் பிடிப்பார். நேராகப் பார்க்க மாட்டார். தலையைத் திருப்பி, கடைக்கண்ணால் ஒரு நொடி. அப்புறம் மேசையில் விரித்திருக்கும் சாம்பல் துணியைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்வார். கழுவுவது என்பது அவர் சொல். மறுபடி ஒரு நொடி. "ரொம்ப நேரம் பாத்தா எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி ஆயிடும்" என்பார். வேலை நாளில் கண்ணுக்கு மை வைக்க மாட்டார், வளையல் போட மாட்டார். பள்ளியில் படிக்கும் மகள் ஒரே நிறத்தில் இரண்டு காலுறை போட்டிருந்தால், இல்லை இல்லை, இரண்டு வேறு என்று வாசலில் நிறுத்தி மாற்ற வைப்பார். வேன் ஓட்டும் கணவர், "எங்க வீட்ல வெள்ளையிலயே ஒன்பது இருக்கு" என்று எல்லோரிடமும் அலுத்துக்கொள்வார். அதில் பெருமைதான் அதிகம்.

கிடங்கின் பழைய விளக்குகள் அண்டா அளவு பெரியவை. காலையில் சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டே மெல்ல எரியத் தொடங்கி, முழு வெளிச்சம் வருவதற்குள் எல்லோரும் டீ குடித்து முடித்திருப்பார்கள். வயதாக ஆக ஒன்று இளஞ்சிவப்பாகவும் இன்னொன்று பச்சையாகவும் போனது. அவற்றைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. விளக்குகள் மாட்டுவது என்று மேலிடத்தில் முடிவானது. மின்சாரம் பாதிக்கும் கீழே, வெளிச்சம் இரண்டு மடங்கு. விளக்குக் கம்பெனியின் காகிதங்கள் வேறு மொழியில் வந்தன. அலுவலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் என்பதால் அந்தக் கட்டு என் மேசைக்கு வந்தது.

சரக்கு அடுக்குகள் இருந்த பாதியை முதலில் முடித்தார்கள். மறுபாதிக்கான விளக்குகள் வர மூன்று வாரம் தாமதமானது. கலரக்காவின் மேசை சரியாக நடுவில், பழைய விளக்கின் கீழ் நின்றது.

முதல் நாளே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. மேசையில் ஒன்று என்று சேர்த்த பெட்டியை அடுக்குக்கு எடுத்துப் போனால், புது வெளிச்சத்தில் இரண்டு கோன்கள் தனியாக முறைத்தன. திருப்பி எடுத்து வந்தால் மேசையில் சமர்த்தாக ஒன்றாக இருந்தன. ஒரே பெட்டி ஒரே காலையில் மூன்று முறை போய் வந்தது.

"அக்கா, பெட்டியை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று பேக்கிங் பெண்கள் கேட்டார்கள்.

"ஆமா, அதுக்குச் சுகர்" என்று அவரும் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

வெளிச்சத்தின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. புது விளக்கில் ஊசியில் நூல் கோக்கலாம் என்று எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வெளிச்சத்தில் தப்பாகத் தெரிந்தால் தப்பு கண்ணில்தானே இருக்க வேண்டும்? யாரிடமும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனார். பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டு, கீழே அச்சகத்தின் பெயரையும் படித்தாராம். நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களை மருத்துவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் மருத்துவர். "குறை இருக்குன்னு சொல்லியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் என்னிடம். அதற்கு மறுநாள்தான் துண்டுக்குள் கோன்களோடு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் நான்காம் முத்திரை போட்ட ஒரு பெட்டி தையல் ஆலையிலிருந்து திரும்பி வந்தது. பன்னிரண்டில் மூன்று ஒத்துப்போகவில்லையாம். கிடங்கு மேலாளர் கெட்டவர் அல்ல. குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"பத்தொன்பது வருஷமா மங்கல் வெளிச்சத்துல ஒரு தப்பும் வரல. இப்போ வெளிச்சம் ரெட்டிப்பு. இப்போ போய்த் தப்பு வந்தா நான் மேல என்னம்மா சொல்றது?"

"எனக்கே தெரியல சார்."

"வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல. திங்கக்கிழமையிலிருந்து பேக்கிங் பக்கம் இருங்க. கொஞ்சம் ரெஸ்ட் மாதிரி."

பெட்டி ஒட்டுவதிலிருந்து வந்தவரை பெட்டி ஒட்டவே திருப்பி அனுப்புகிறார்கள். அவர் "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

மறுபாதி விளக்குகளை மாட்ட அன்று விளக்கு இன்ஜினியர் வந்திருந்தார். கையில் வெளிச்சம் அளக்கும் சின்னக் கருவி. நான் கலரக்காவையும் அழைத்துக்கொண்டு போய், ஒரே பெட்டி இரண்டு வெளிச்சத்தில் இரண்டு விதமாகத் தெரிவது ஏன் என்று கேட்டேன்.

"சாயம் ரெண்டு பட்டறையில போட்டதுன்னா அப்படி ஆகும்" என்றார் அவர், வெகு சாதாரணமாக. "ஒரு விளக்குல ஒத்துப்போகும், இன்னொண்ணுல பிரியும்."

"அப்போ ரெண்டும் ஒண்ணா, வேறயா தம்பி?" என்றார் கலரக்கா.

"பழைய லைட்டுல ஒண்ணு. புது லைட்டுல வேற."

"நான் லைட்டைக் கேக்கல. நூலைக் கேக்கறேன்."

இன்ஜினியர் கருவியைப் பார்த்தார். "அப்படித் தனியா நூலுக்குன்னு ஒண்ணு கிடையாதுக்கா."

விளக்கு வந்த அட்டைப்பெட்டியில் நிறத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. விளக்கு நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு எழுபது என்று போட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"எழுபதுன்னா பாஸா, ஃபெயிலா?"

"கிடங்குக்குப் பாஸ். நிறம் பாக்கறதுக்கு தொண்ணூறாவது வேணும்" என்றார் இன்ஜினியர்.

"அப்போ பழைய விளக்கு?"

"அதுவும் எழுபதுக்குப் பக்கம்தான். பழசானா இன்னும் கீழ."

விளக்கின் மேல் பழி விழுந்ததில் அவர் மகிழ்வார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் மெல்லத் தன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "அப்போ பத்தொன்பது வருஷமா நான் என்னத்தைப் பாத்தேன்?" என்றார்.

இன்று கலரக்காவின் மேசை, லாரிகள் வந்து நிற்கும் வடக்குக் கதவுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் இருக்கிறது. மேசைக்கு மேல் அவருக்கென்று தனி விளக்கு, தொண்ணூற்றைந்து மார்க் வாங்கியது. இப்போதும் சில நாள் ஒரு கோனை மூன்று இடத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, "எது இதோட சொந்தக் கலருன்னு எனக்கு இன்னும் புரியல" என்கிறார். மேசை அங்கே போனதற்குக் காரணம், அவர் பேக்கிங்குக்குப் போக வேண்டிய திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை என்னிடம் வந்து கேட்டதுதான்.

"லாட் நம்பர் ரிஜிஸ்டர் உன்கிட்டதானே இருக்கு? இருபது ஜோடி எடு. பாதி ஒரே பட்டறை, ஒரே லாட்டா, ஒரே தடவை சாயம் போட்டதா இருக்கட்டும். அது எந்த வெளிச்சத்துலயும் ஒண்ணுதான்னு அந்தத் தம்பி சொல்லிச்சு. மீதி வேற லாட், பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கிறது. எது எதுன்னு நீ மட்டும் குறிச்சு வச்சுக்கிட்டு, கோன் உள்ள ஒட்டியிருக்கிற லேபிளைக் கிழிச்சிடு. மத்தியானம் லாரி கதவைத் திறந்து வச்சுட்டு, வெயில் உள்ள விழாத இடத்துல ஒவ்வொண்ணா என் கையில குடு. நான் சொல்றதை எழுதிக்கோ. சரியா வந்தா நீயே போய் சார்கிட்ட சொல்லு. நான் சொன்னா லைட்டைக் குத்தம் சொல்றேன்னு நினைப்பாரு. தப்பா வந்தா தாளைக் கிழிச்சுப் போட்டுடு, நான் பேசாம பெட்டி ஒட்டப் போறேன். ஆனா ஒண்ணு, குடுக்கறப்போ என் முதுகுக்குப் பின்னாடி நின்னு குடு. உன் மூஞ்சியைப் பாத்தா நான் பதிலைத் தெரிஞ்சுக்குவேன்."