ஆறாவது படம்

பி.எச்.ஐ. ஐயா கொண்டுவந்த படச்சுருளில் ஆறு படங்கள் இருந்தன. ஐந்தாவது வரை நுரையீரல், இதயம், சிகரெட் பெட்டி. ஆறாவது, அகலத் திறந்த ஒரு வாய். உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவர் அவர். சிங்களவர். தமிழ் ‘வாங்க’, ‘நல்லது’, ‘தண்ணிய சுட வச்சுக் குடிங்க’ என்பதற்கு மேல் போகாது. நான் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்களம் தெரியும் என்பதால் அவர் பேசப் பேச நான்தான் தமிழில் சொல்வேன். அதற்கு ஒரு பிளேன்டீ கிடைக்கும், அதையும் நானே ஊற்ற வேண்டும்.

இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்குச் சிகரெட் விற்கக் கூடாது, கடையில் விளம்பரம் மாட்டக் கூடாது, பெட்டியில் நோயின் படம் இருக்க வேண்டும் என்று அவர் சட்டங்களைச் சொல்லிக்கொண்டே போவார். நல்ல சட்டங்கள்தாம். எங்கள் பெண்களுக்கு அதில் என்ன இருந்தது? அவர்கள் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. மலைக்குப் போகும்போது இடுப்பு முடிச்சில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். குளிருக்கும் பசிக்கும் அதுதான். அந்தப் புகையிலையைக் கடையில் பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள். படம் அச்சடிக்க அதற்குப் பெட்டி ஏது? ஐயா இதைக் கவனித்திருந்தார். மேலே எழுதிக் கேட்டும் பதில் வராததால் ஆறாவது படத்தைத் தானே அச்சடித்துச் சுருளில் ஒட்டிக்கொண்டு வந்தார்.

அதைக் காட்டிய வாரம் எங்கள் வீட்டில் நாத்தனார் கல்யாணத்துக்கு அழைப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் பத்திரிகை கொடுத்தால் மட்டும் போதாது. லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், ஒவ்வொரு வாசலிலும் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டுப் புகையிலை வைத்து நீட்ட வேண்டும். புகையிலை இல்லாத தட்டை நீட்டினால் மதிக்கவில்லை என்று அர்த்தம். மாமியாரும் நானும் முந்தின நாள்தான் முழு லயத்துக்கும் வைத்து முடித்திருந்தோம். அதை வாயில் அடக்கிக்கொண்டுதான் பெண்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், முதல் வரிசையில் மாமியார். வெற்றிலையோடு போடும் புகையிலையால்தான் வாயில் புற்று வருகிறது, இன்றே நிறுத்துங்கள் என்றார் ஐயா. நேற்றுக் கொடுத்ததை இன்று விஷம் என்று எந்த முகத்தோடு சொல்வது? “பீடி, சிகரெட்டு குடிச்சா வாயும் இப்படித்தான் ஆகுமாம்” என்றேன்.

“அத எங்க ஆம்பளைங்ககிட்ட சொல்லச் சொல்லு புள்ள!” என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். எல்லாம் சொன்னாயா என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன் என்றேன். அடுத்த மாதமே அவர் கந்தப்பளைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் படத்தை எங்கள் தோட்டத்தில் பிறகு யாரும் காட்டவில்லை.

மாமியாரின் கன்னத்தில் ஆறாத புண் வந்தது பல வருடம் கழித்து. கொழும்பில் தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இப்போது வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும், கஞ்சிதான் சாப்பாடு. குடிக்க உட்காரும்போதெல்லாம் அவருக்கு ஐயாவின் ஞாபகம் வரும். “சிகரெட்டு சிகரெட்டுன்னு கத்திட்டுப் போனாரே அந்த மாத்தயா, இதப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன்ல? நம்ம மேல அவுங்களுக்கு என்ன அக்கறை!” நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருப்பேன். அது ஆறிப்போன பிறகும் கலக்குவேன்.

போன மாதம் புதிதாக வந்த பரிசோதகர், சின்ன வயதுப் பெண், இ-சிகரெட் பற்றிப் பேச வந்தார். தடை செய்த சாமானாம், ஆனாலும் டவுனில் பிள்ளைகள் கைக்கு வந்துவிடுகிறதாம். மறுபடி நான்தான் தமிழில் சொன்னேன். எனக்கு அலுத்துவிட்டது. வெளியே தெரிகிற புகையைத்தான் எல்லோரும் துரத்துகிறார்கள். பேசி முடித்ததும், அவர் சொல்லாமலே, வெற்றிலைப் புகையிலையைப் பற்றியும் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்கள் மென்றுகொண்டே கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அந்த மாத்தயா அன்னைக்கே சொன்னாரு மாமி. நான்தான் உங்களுக்குச் சொல்லல.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“எத்தன வருசமா அந்த மனுசன ஏசியிருக்கேன்” என்றார். “அவரு இருக்காரா புள்ள?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் விசாரிக்கவில்லை.