உம்மணாமூஞ்சிக்கு ஒரு மெழுகுதிரி

விடுமுறைக்கு ஊர் வந்த மறுநாள் காலை, காப்பித் தம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடலரிப்பைத் தடுக்கக் கரையோரம் கல் போடுகிறார்கள். டிப்பர் லாரி பின்பக்கத்தைத் தூக்க, ஆளுயரப் பாறை ஒன்று சரிந்து 'தொம்' என்று விழுந்தது. பேரன் பேத்தி எடுக்க இன்னும் நாளிருக்கிறது என்றாலும் தலை நரைத்த ஆள்தானே நான்? என்ன செய்தேன் தெரியுமா, காப்பி கையில் கொட்ட, பின்னால் துள்ளினேன். பழக்கதோஷம். அந்தக் கல்லை எனக்கு முன்பே தெரியும்.

சொன்னால் சிரிப்பீர்கள். அது வீடியோ கேமில் வரும் கல். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், பக்கத்து வீட்டு ஷிபுவின் அப்பா துபாயிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்திருந்தார். அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே ஃபாரின் சோப்பு மணக்கும். மீன் வாடை அடிக்கும் கையை டவுசரில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஜாய்ஸ்டிக்கைத் தொடுவேன். கோட்டைக்குள் ஒரு குட்டி மனிதன் ஓடுவான். அவன் தலைக்கு மேலே சதுரமாக ஒரு சாம்பல் கல் தொங்கும். கல்லுக்கு முகம் உண்டு. நெரித்த புருவம், கடித்த பல். அடியில் போகிறவரை சும்மா இருக்கும். போனால் போச்சு, தொம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மெல்ல மேலே ஏறிக்கொள்ளும். உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம்.

தெருவில் எல்லாப் பையன்களும் அதைத் தாண்டினார்கள், என்னைத் தவிர.

"ஏலே, அது மேல ஏறும்பம் ஓடணும். நீ என்னத்துக்கு வாயப் பொளந்துட்டு நிக்க?" என்பான் ஷிபு. எனக்கோ அந்த முகத்தைக் கண்டாலே விரல் மரத்துப்போகும்.

முடியாத காரியத்துக்கு எங்கள் ஊரில் ஒரே வழிதான்: புனிதருக்கு நேர்ந்துகொள்ளும் நேர்ச்சை. பரீட்சை, கல்யாணம், காணாமல்போன ஆடு, எல்லாவற்றுக்கும் அந்தோணியார் உண்டு. கடற்கரை மணலில் அவருக்கு ஒரு சின்னக் குருசடி இருந்தது. சிமெண்டுச் சிலுவை, அதன் காலடியில் காற்று படாமல் மெழுகுதிரி வைக்க ஒரு மாடம். கரண்டு போனால் கொளுத்த அம்மா வைத்திருந்த திரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு சாயங்காலம்தோறும் அங்கே போனேன். அவர் என்னை உம்மணாமூஞ்சியைத் தாண்டவைக்கிற வரை தினம் ஒரு திரி என்று பேச்சு.

அந்த வாரம்தான் அப்பா போன படகு திரும்பவில்லை. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள். இடையில் பெருங்காற்று. மற்ற படகுகளெல்லாம் கரை சேர்ந்துவிட்டன. வீடு நிறையப் பெண்கள், ஜெபமாலை, அழுகை. "பிள்ள இதக் காணாண்டாம், ஷிபு வீட்டுல நிக்கட்டு" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். விஷயம் தெரியாமல் விளையாடினேன் என்று சொல்லித் தப்பிக்க ஆசைதான். தெரியும். ஆனால் அப்பா எப்போதும் வருகிறவர். இந்தமுறை மட்டும் வராமல் எங்கே போகிறார் என்று இருந்தேன். எனக்குக் கடலைவிடக் கல்தான் பெரிதாக இருந்தது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

குருசடியில் நான் முழங்காலிட்டு நின்றதை யாரோ பார்த்துப் போய்ச் சொல்ல, அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அப்பாவுக்காவயா மக்களே ஒத்தைக்கு வந்து நிக்க?" என்று என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மறுநாள் சாயங்காலம் தாண்டிவிட்டேன். உம்மணாமூஞ்சி விழுந்து, ஏறி, நான் அடியில் புகுந்து அந்தப் பக்கம்! கண்ணில் நீர் வரக் குதித்துக்கொண்டிருக்கையில் அம்மா வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள். அப்பா கரை சேர்ந்துவிட்டார் என்று சொல்ல ஓடிவந்தவள், நான் குதிப்பதைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"ஒனக்கு முந்தியே தெரிஞ்சுதா மக்களே! அந்தோணியாரு சொன்னாரா?"

ஷிபு வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

எஞ்சின் நின்றுபோய், நடுக்கடலில் அலைந்து, வேறொரு படகு கட்டியிழுத்துக் கொண்டுவந்ததாம். அப்பா டீசல் மணக்க உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அம்மா மெழுகுதிரிக் கதையைச் சொல்லி முடித்தாள். அவர் உப்பில் வெடித்த கையை என் தலைமேல் வைத்து, அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். உம்மணாமூஞ்சி விழுந்திருந்தால்கூட அவ்வளவு கனத்திருக்காது.

அதற்குப்பிறகு அவரிடம் எப்படிச் சொல்ல? கருங்கல் ஊர்ச் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பக்தியைச் சொன்னார். பெண்பார்க்கப் போன வீட்டில் என் சம்பளத்துக்கு முன்னால் அதைத்தான் சொன்னார். மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

லாரிச் சத்தம் கேட்டு அப்பாவும் வெளியே வந்தார். இப்போது கடலுக்குப் போவதில்லை, நடை தளர்ந்துவிட்டது. கற்குவியலைக் காட்டி, "குருசடி அந்தா அங்கினதாம் நிண்ணுது" என்றார். ஷிபுவின் வீடும் அங்கேதான் இருந்தது. இரண்டையும் கடல் கொண்டுபோயிற்று. பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து நீட்டினார்.

"நீ கொளுத்து மக்கா."

கல்லிடுக்கில் குனிந்து உட்கார்ந்தேன். அப்பாவுக்கென்று நான் மெய்யாகவே கொளுத்தப் பார்த்த முதல் திரி அது. மறைப்புக்கு மாடம் இல்லை. தீக்குச்சி கிழிக்கக் கிழிக்கக் காற்று அணைத்தது. பெட்டியே காலியாயிற்று.

அப்பா என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"விடு மக்கா. அண்ணைக்கு நீ கொளுத்துனதே எனக்குப் போதும்."